அரக்குத் தட்டில் ஒரு சொனாட்டா

நிகொலாய் மெட்னர் தன் படைப்புகளைத் தானே பியானோவில் வாசித்த ஒலிப்பதிவுகள் இன்று நமக்கு இவ்வளவு கிடைக்கின்றன என்றால், அதற்குக் காரணம் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார். லண்டனில் ஏறக்குறைய மறக்கப்பட்டு, இதய நோயோடு வாழ்ந்த ஒரு ருஷ்ய முதியவரை ஒலிப்பதிவுக் கூடத்துப் பியானோவின் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தது அவருடைய பணம். பணத்துக்கும் முன்னால் அவருடைய காது. என்னிடம் பியானோ கற்க வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லாமல் நான் விட்டதில்லை. ருஷ்யாவில் பிறந்து, ஐரோப்பாவில் அலைந்து, மைசூர் வழியாக மலேசியாவின் ஈப்போவுக்கு வந்து சேர்ந்த இசை அது. அந்த வழியை எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மெட்னர் 1880இல் மாஸ்கோவில் பிறந்தவர். மாஸ்கோ கன்சர்வேட்டரியில் சஃபோனவிடம் படித்து 1900இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். கச்சேரி மேடை வாழ்க்கை அவர் முன்னால் திறந்து கிடந்தது. அதை ஒதுக்கிவிட்டு எழுதுவதற்கு உட்கார்ந்தார். ராக்மனினவ் அவருடைய உற்ற நண்பர். தம்முடைய நான்காவது பியானோ கான்செர்ட்டோவை ராக்மனினவ் மெட்னருக்குக் காணிக்கையாக்கினார்; மெட்னர் தம் இரண்டாவது கான்செர்ட்டோவை ராக்மனினவுக்கு. ஆனால் ராக்மனினவுக்கு வந்த புகழில் நூற்றில் ஒரு பங்குகூட மெட்னருக்கு வரவில்லை. அவர் காலத்தில் மற்றவர்கள் சுரவரிசையின் பழைய ஒழுங்கை உடைத்துக்கொண்டிருந்தபோது, அது உடையக்கூடாதது என்று அவர் நம்பினார். 1935இல் அந்த நம்பிக்கையை ஒரு புத்தகமாகவே எழுதினார். அதை வெளியிட உதவியதும் ராக்மனினவ்தான்.

அவர் எழுதியவை பதினான்கு பியானோ சொனாட்டாக்கள். சொனாட்டாவை நம் ஊரில் ராகம் தானம் பல்லவியோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பல்லவியில் ஒரே ராகத்துக்குள் ஆழ்ந்து போகிறோம். சொனாட்டாவில் இரண்டு கருப்பொருள்கள் வெவ்வேறு சுருதி நிலைகளில் நின்று எதிரெதிரே பேசுகின்றன. நடுவில் அவை சிதைந்து, அலைந்து, தூரதேசம் போகின்றன. கடைசியில் இரண்டாவது கருப்பொருள் முதலாவதின் வீட்டுக்கே வந்து குடியேறுகிறது. அந்தக் குடியேற்றத்தை நம்பும்படி செய்வதுதான் வாசிப்பவரின் வேலை. லிஸ்ட் 1853இல் பல பகுதிகளை ஒரே மூச்சில் இணைத்த பிறகு, பின்னால் வந்த ருஷ்யர்கள் அந்த வழியைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்க்ரியாபின் பத்து சொனாட்டாக்கள் எழுதினார். ஐந்தாவதிலிருந்து எல்லாம் ஒரே பகுதி. ராக்மனினவ் எழுதியவை இரண்டுதான். மெட்னரின் ஜி மைனர் சொனாட்டா, நினைவுச் சொனாட்டா, சோகச் சொனாட்டா எல்லாம் இடையில் நிற்காமல் ஓடுபவை. கால் மணி நேரம் மூச்சை விடாமல் பிடித்திருக்க வேண்டும்.

இந்த இசை ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தில் எப்படிக் காலூன்றியது என்று கேட்டால் பதில் ரப்பரிலும் ஈயத்திலும் இருக்கிறது. 1877இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்டுவைத்த ரப்பர் கன்றுகளில் ஒன்று மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் கிழமரமாக நிற்கிறது. அதன் வழித்தோன்றல்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாநிலம் முழுக்கக் காடாகப் பரவின. அந்தக் காட்டை ஆக்கவும் பால் வெட்டவும் நம் முன்னோர் கப்பலேறி வந்தார்கள். தோட்டத்தை ஆளத் துரைமார் வந்தார்கள். துரைமாருக்குக் கிளப்புகள் எழுந்தன. கிளப்புகளுக்கும் பங்களாக்களுக்கும் பியானோக்கள் வந்திறங்கின. 1907இல் ஈப்போவில் கன்னியாஸ்திரிகள் கான்வென்ட் பள்ளியைத் தொடங்கினார்கள். பியானோ கற்கப் பெண் பிள்ளைகளுக்கு அது ஒரு வாசல்.

ஈரம் நிறைந்த இந்த ஊர் பியானோவுக்குப் பகை. பசை இளகும், மரம் உப்பும், கம்பி துருப்பிடிக்கும், கம்பளித் துணியைப் பூச்சி தின்னும், அடிக்கட்டையைக் கரையான் பிடிக்கும். அதனால் வெப்பநாடுகளுக்கென்றே தனியாகப் பியானோ செய்து அனுப்பினார்கள்; பசையை மட்டும் நம்பாமல் திருகாணியும் பித்தளைத் தகடும் வைத்து இறுக்கியவை. வந்த பிறகு நம் வேலை தொடங்கும். பியானோவின் கீழ்ப்பலகையைக் கழற்றி உள்ளே ஒரு மின்விளக்கை எரியவிட்டு ஈரத்தை விரட்டுவது இங்கே எல்லா ஆசிரியர் வீட்டிலும் உண்டு. என் பியானோவுக்குள்ளும் எரிகிறது. மின்சாரம் போனால் முதலில் எனக்கு அந்த விளக்கின் கவலைதான்.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில். அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர். எங்கள் வீடு தொழிலாளர் லயத்துக்கும் துரை பங்களாவுக்கும் இடையில் இருந்தது. எங்கள் நிலையும் அப்படித்தான். லயத்தில் இசை இல்லாமல் இல்லை. தப்பும் உறுமியும் மாரியம்மன் திருவிழாவும் மார்கழி பஜனையும் இருந்தன. பால் வெட்டப் போகிற பெண்கள் பெரட்டுக்களத்தில் இருட்டோடு கூடி நிற்கும்போது பாடிய பாட்டுகளை நான் தொட்டிலிலேயே கேட்டிருப்பேன். மேட்டிலிருந்து சில மாலைகளில் பியானோவும் கேட்கும். துரையின் மனைவி வாசிப்பார். என்ன வாசித்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. தொலைவிலிருந்து கேட்டாலும் பல குரல்கள் ஒரே நேரத்தில் பேசுகின்றன என்பது மட்டும் புரிந்தது. அப்பா என்னை ஈப்போ கான்வென்டில் விடுதியில் சேர்த்தபோது நான் கேட்டது ஒன்றுதான்: பியானோ சொல்லித் தருவார்களா?

சொல்லித் தந்தார்கள். ஐரிஷ் கன்னியாஸ்திரி ஒருவர். ஆண்டுக்கொரு முறை லண்டனிலிருந்து தேர்வாளர் வருவார். கோட்டும் டையும் போட்டு மின்விசிறிக்குக் கீழே வேர்த்து வழிய உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டு மதிப்பெண் போடுவார். அந்தச் சான்றிதழ்கள் சட்டம் போட்டு ஈப்போ வீடுகளில் மாட்டப்பட்டன. சீனத் தவுக்கே வீட்டிலும் மாட்டினார்கள், யாழ்ப்பாணத்து ரயில்வே உத்தியோகஸ்தர் வீட்டிலும் மாட்டினார்கள், எங்கள் டிரஸர் வீட்டு மண்சுவரிலும் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒன்று தொங்கியது. லயத்துப் பிள்ளைகளுக்கு அது கிட்டவில்லை. என்னோடு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் உட்கார்ந்த பிள்ளைகளில் என்னைவிட நல்ல காது உள்ளவர்கள் இருந்தார்கள். அவர்கள் கையில் உளியும் வாளியும் கொடுத்துவிட்டார்கள். பியானோ நம் மக்களுக்கு வந்த கதையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மெட்னரை எனக்கு அறிமுகப்படுத்தியவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் மாமா என்போம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் அவர் வீட்டு வராந்தாவில் ரசிகர்கள் சிலர் கூடுவார்கள். கிராமபோன் கேட்பதற்காகவே கூடும் கூட்டம். முதல் பாதி மதுரை மணி ஐயரும் ஜி.என்.பி.யும். பிறகு தேநீர். தேநீருக்குப் பிறகு மாமாவின் ஐரோப்பியத் தட்டுகள். தோட்டங்கள் கைமாறி, துரைமார் ஊர் திரும்பியபோது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். மேசை நாற்காலிக்குப் பலரும் போட்டியிட்டார்கள். இசைத்தட்டுப் பெட்டியைக் கேட்க ஆளில்லை. மாமா சல்லிசாக வாங்கி வந்த பெட்டியொன்றில் மெட்னர் இருந்தார். முழுத் தொகுதி இல்லை, சில தட்டுகள்தான்.

“பிள்ளை, இதை எழுதினவரே வாசிச்சவர். மைசூர் ராசா காசு குடுத்துப் பதிஞ்சது” என்றார் மாமா.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. தட்டு சுழன்றது. ஒரு பெண்குரல் பாடத் தொடங்கியது. சற்றுப் பொறுத்துச் சொற்கள் நின்றுபோயின. குரல் மட்டும் தொடர்ந்தது. கீழே பியானோ. சொல்லில்லாத குரலுக்காக மெட்னர் எழுதிய வோக்கலீஸ் சொனாட்டா அது. தொடக்கத்தில் கோதேயின் கவிதை ஒன்று பாடப்படும், அதன் பிறகு முழுச் சொனாட்டாவும் வெறும் உயிரெழுத்தில். பாடியவர் மார்கரெட் ரிச்சி. தேநீருக்கு முன்னால் ஆலாபனை கேட்டிருந்த கூட்டம் அது. யாரும் விளக்கம் கேட்கவில்லை. வயலின் வித்வான் ஒருவர் மட்டும், “திரும்பப் போடுங்கோ” என்றார்.

மைசூர் ராஜாவின் கதையை நான் பிறகு தேடித் தேடித் தெரிந்துகொண்டேன். ஜெயசாமராஜ உடையார் 1919 ஜூலை 18இல் பிறந்தவர். அரண்மனையில் வீணையும் வாய்ப்பாட்டும் ஒரு பக்கம், பியானோ இன்னொரு பக்கம். மைசூரில் வாசுதேவாச்சாரியாரைப் போன்ற ஆஸ்தான வித்வான்களும் உண்டு, மேலைநாட்டு வாத்தியக் குழுவும் உண்டு. இளவரசர் லண்டன் கில்ட்ஹால் இசைப்பள்ளியின் லைசென்ஷியேட் பட்டம் பெற்றார். டிரினிட்டி இசைக் கல்லூரி 1945இல் அவருக்குக் கௌரவ ஃபெலோ பட்டம் தந்தது. எங்கள் மண்சுவரில் தொங்கிய சான்றிதழுக்கு அரண்மனையில் ஓர் அண்ணன் இருந்தான் என்று அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போதும் உணர்கிறேன். 1940இல் ஒரே ஆண்டில் தந்தையும், பட்டத்தில் இருந்த பெரியப்பா நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் காலமானார்கள். இருபத்தொரு வயதில் அரியணை வந்தது. பியானோ கலைஞராகும் எண்ணம் இருந்திருந்தால் அது அங்கேயே முடிந்தது. அதன் பிறகு அவர் கேட்பவரானார். அவருடைய இசைத்தட்டுச் சேகரிப்பு 20,000 அளவுக்கு இருந்தது என்பார்கள்.

அதே மனிதர் ஸ்ரீவித்யை உபாசகர். கர்நாடக சங்கீதத்தில் 94 கீர்த்தனைகள் இயற்றியவர். 1964 முதல் 1966 வரை சென்னை மாநிலத்தின் ஆளுநராகக் கிண்டி ராஜ்பவனில் இருந்தவரும் அவர்தான். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அவரை ஆளுநராக நினைவிருக்கும், கீர்த்தனைகள் வழியாக நினைவிருக்கும். மெட்னர் வழியாக நினைவு வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். அவருடைய தங்கை விஜயா தேவியும் வீணையும் பியானோவும் கற்றவர்; நியூயார்க்கில் எட்வர்ட் ஸ்டாயர்மனிடம் பியானோ பயின்று, பிற்காலத்தில் 1974இல் பெங்களூரில் சர்வதேச இசை, கலைச் சங்கத்தை நிறுவினார்.

மெட்னர் 1921இல் ருஷ்யாவை விட்டு வெளியேறியவர். ஜெர்மனி, பாரிஸ் என்று அலைந்து 1930களின் நடுவில் லண்டனில் கோல்டர்ஸ் கிரீன் பகுதியில் குடியமர்ந்தார். போர் வந்ததும் ஜெர்மானியப் பதிப்பாளரிடமிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றது. 1942இல் இதயம் தாக்கியது. அவருடைய மாணவியும் பியானோ கலைஞருமான எட்னா ஐல்ஸ் தம் குடும்பத்தோடு வார்விக்ஷயரில் வைத்துக் காப்பாற்றினார். மூன்றாவது கான்செர்ட்டோவை அந்த நிலையில்தான் முடித்தார். 1944இல் ராயல் ஆல்பர்ட் அரங்கில் அதைத் தாமே வாசித்தார். அதற்குப் பிறகு என்ன? ராக்மனினவ் இறந்துவிட்டார். நாகரிகம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. அப்போதுதான் மைசூரிலிருந்து செய்தி வந்தது. ஒன்றிரண்டு துண்டுகளைப் பதியச் சொல்லிக் கேட்கவில்லை மகாராஜா. முடிந்தால் அத்தனையையும் பதிய வேண்டும் என்றார்.

மெட்னர் சங்கத்தின் பேரில் எச்.எம்.வி. மூன்று தொகுதிகள் வெளியிட்டது. மூன்று கான்செர்ட்டோக்களையும் ஃபில்ஹார்மோனியா வாத்தியக் குழுவோடு மெட்னரே வாசித்தார். சிறு துண்டுகளும் பாடல்களும் சேர்ந்தன. பாடல்களில் ஒரு பகுதியை எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோஃப் பாடினார். பழைய நண்பர் பென்னோ மொய்சேவிச்சோடு இரட்டைப் பியானோவில் ஒரு ருஷ்ய வட்டநடனமும் உண்டு. மூன்றாவது கான்செர்ட்டோவை மெட்னர் மைசூர் மகாராஜாவுக்கே காணிக்கையாக்கினார். ஃபில்ஹார்மோனியாவை நடத்திய வால்டர் லெக் மைசூருக்கே போய் மகாராஜாவைக் கண்டார். அதன் பயனாக ஆண்டுக்கு 10,000 பவுண்டு வீதம் மூன்றாண்டு உதவி கிடைத்தது. 1948இல் ஃபில்ஹார்மோனியா கச்சேரிச் சங்கத்தின் முதல் தலைவரானார் மகாராஜா. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் எழுதிய கடைசி நான்கு பாடல்கள் 1950 மே 22இல் லண்டனில் முதன்முதலாக அரங்கேறியபோது அந்தக் கச்சேரிக்குப் பொருளுறுதி தந்ததும் அவரே.

1948 என்று எழுதும்போது பேராக்கில் பிறந்த யாருக்கும் வேறொன்று நினைவுக்கு வராமல் இருக்காது. அந்த ஆண்டு ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில், எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும், மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் நாடு முழுக்க அவசரகாலம். பன்னிரண்டு ஆண்டுகள் அது நீடித்தது. லயங்களைச் சுற்றி முள்கம்பி வந்தது. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. இருட்டிய பிறகு வெளியே நடமாட முடியாது. அப்பா மருந்துப் பெட்டியைச் சோதனைக்குத் திறந்து திறந்து காட்டியதை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். மெட்னர் லண்டனில் தம் பதிவுகளைச் செய்துகொண்டிருந்த அதே காலம். அந்தத் தட்டுகளில் ஒரு பெட்டி இந்த முள்கம்பிக்குள் இருந்த பங்களா ஒன்றுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கம்பிக்குள் உட்கார்ந்து ஒரு துரையோ துரைசானியோ இரவில் அதைக் கேட்டிருக்கிறார். யார் என்று மாமாவுக்கும் தெரியவில்லை.

அந்தத் தட்டுகள் அரக்கால் ஆனவை. பிளாஸ்டிக் தட்டுகள் வருவதற்கு முன்னால் உலகத்துக் கிராமபோன் தட்டுகளுக்கெல்லாம் அரக்கு பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்துதான் போனது. பலாசு போன்ற மரங்களில் அரக்குப் பூச்சி உமிழும் பிசின் அது. பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நாலரை நிமிடத்துக்கு மேல் தாங்காது. கால் மணி நேரச் சொனாட்டாவை நான்கு துண்டாக வெட்டித்தான் பதிய வேண்டும். ஒட்டவும் வெட்டவும் வழியில்லை. ஒரு சுரம் பிசகினால் அந்தப் பக்கம் முழுவதையும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். எழுபதை நெருங்கிய, இதயம் பழுதான மனிதர் இதைச் செய்தார். கேட்கும்போது அந்தச் சிரமம் எங்கேயும் தெரியாது.

அவர் வாசிப்பில் என்ன இருக்கிறது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பின்னைய ரொமான்டிக் இசை என்றால் உருகி வழிய வேண்டும், ஒவ்வொரு வளைவிலும் காலத்தை இழுக்க வேண்டும் என்று நினைக்கும் பியானோ கலைஞர்கள் ஏராளம். மெட்னர் அப்படி இழுப்பதே இல்லை. காலப்பிரமாணம் உறுதியாக நிற்கிறது. அதற்குள் சொற்றொடர் மட்டும் மூச்சுவிடுகிறது. இடது கையின் உட்குரல்களை அவர் வெளியே கொண்டுவரும் விதம் எனக்குப் பாடம். மேலே ராகம் பாடிக்கொண்டிருக்கும்போது நடுவிரல் ஒன்று அடியில் இன்னொரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போகும். அதை அடிக்கோடிட்டுக் காட்டமாட்டார். தொடுகையும் அப்படித்தான். பால் மரத்தில் கத்தி வேண்டிய ஆழத்துக்கு மேல் ஒரு நூலளவு போனால் பட்டை கெட்டுவிடும் என்பார்கள் எங்கள் தோட்டத்தில். மெட்னரின் விரல் அந்த அளவு தெரிந்த விரல். உரத்த இடங்களில்கூடத் தந்தி அலறுவதில்லை.

கர்நாடக சங்கீதத்தில் ஊறிய மகாராஜா இவரிடம் எதைக் கேட்டிருப்பார் என்பதற்கு என் விடை இதுதான். காலத்தை விட்டுக்கொடுக்காத பாவம். நம் பெரிய வித்வான்களிடம் நாம் தேடுவதும் அதுதானே? ஸ்க்ரியாபினும் இந்தியாவை நினைத்தவர்தான். அடையாற்றுத் தியசாபிகல் சங்கத்தின் நூல்களைப் படித்து, இமயத்தின் அடிவாரத்தில் நாட்கணக்கில் நடக்கவேண்டிய மாபெரும் படைப்பொன்றைக் கனவு கண்டார். 1915இல் இறந்துபோனார், இந்தியாவைப் பார்க்கவே இல்லை. மெட்னர் இந்தியாவைப் பற்றிக் கனவு கண்டதாகத் தெரியவில்லை. இந்தியா அவரைத் தேடிப் போனது. கீழை நாடு என்றால் தூபமும் மர்மமும் என்று எண்ணிய காலத்தில், மைசூரில் ஒரு தென்னிந்தியர் சொனாட்டாவின் இலக்கணத்தைக் கேட்டு அதன் அருமையை அறிந்தார். இதை நான் ஸ்க்ரியாபினின் கனவைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

மகாராஜா நினைத்தபடி அத்தனையும் பதிவாகவில்லை. 1951 நவம்பர் 13இல் மெட்னர் காலமானார். பதினான்கு சொனாட்டாக்களில் மிகப் பெரியது, ‘இரவுக் காற்று’ என்று அழைக்கப்படும் ஈ மைனர் சொனாட்டா, அவர் கையில் பதிவாகாமலே போயிற்று. ராக்மனினவுக்குக் காணிக்கையான படைப்பு அது. தியூட்செவின் கவிதையை முகப்பில் வைத்து எழுதியது, அரைமணி நேரத்துக்கு மேல் ஓடும். அதில் பதினைந்து எண்ணிக்கை கொண்ட தாளம் வருகிறது. மும்மூன்றாக ஐந்து அடி. மேல்நாட்டு மாணவர்கள் அதைக் கண்டு மிரள்வார்கள். மிருதங்கம் கற்ற என் மாணவன் ஒருவனிடம், “கண்டத்தை எடுத்துக்கோ, அடிக்கு அடி திஸ்ரம் போடு, அவ்வளவுதான்டா” என்றேன். கையால் தொடையில் தட்டிப் பார்த்தான். பிறகு அந்தத் தாளத்தில் அவனுக்குச் சிக்கல் வரவே இல்லை.

மெட்னர் விட்டுப்போன இடத்தை மற்றவர்கள் நிரப்பினார்கள். மொய்சேவிச் 1943இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஜி மைனர் சொனாட்டாவைப் பதிந்திருந்தார். அவருடைய சொகுசான தொனி மெட்னரின் உறுதியிலிருந்து வேறு. அழகு சற்றே கூடி, எலும்பு சற்றே மறைகிறது. சோவியத் நாட்டில் எமில் கிலெல்ஸ் அதே சொனாட்டாவையும் நினைவுச் சொனாட்டாவையும் மேடையில் எடுத்துவைத்தார். மெட்னர் தாய்நாட்டை விட்டுப் புறப்படும் நாட்களை ஒட்டி எழுதியது நினைவுச் சொனாட்டா. தொடக்கத்தில் வரும் அலைபோன்ற மென்மையான வாக்கியம் நடுவிலும் முடிவிலும் திரும்ப வரும். கிலெல்ஸ் அதை மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே நிதானத்தில் வாசிக்கிறார். ஆனால் நாம் மாறிவிட்டிருக்கிறோம். இடையில் நடந்ததைக் கேட்ட காதால் கேட்கிறோம். துயரத்தைக் கூட்டிக் காட்ட வேண்டியதே இல்லை என்று அறிந்த கை அது. பதினான்கையும் ஒருசேரக் கேட்க விரும்புபவர்களுக்கு 1998இல் மார்க்-ஆந்த்ரே அமலின் நான்கு குறுந்தட்டுகளில் வாசித்தது இருக்கிறது. விரல் அவருக்கு எங்கேயும் தடுக்குவதில்லை. என்றாலும் என் மனம் சாய்வது ஜெஃப்ரி டோசர் பக்கம்.

டோசர் ஆஸ்திரேலியர். பிறந்தது இமயமலைச் சாரலில், முசூரியில், 1954இல். அம்மா பியானோ ஆசிரியை. மெட்னரின் மூன்று கான்செர்ட்டோக்களையும் லண்டன் ஃபில்ஹார்மோனிக்கோடு பதிந்துவிட்டுப் பிறகு சொனாட்டாக்களுக்குத் திரும்பினார். எவரும் கேட்காத இசைக்காக ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார். 2009இல் மெல்போர்னில் ஐம்பத்து நான்கு வயதில் இறந்தார். ‘இரவுக் காற்றை’ அவர் வாசிக்கும்போது வேகம் மற்றவர்களைவிடக் குறைவு என்று குறை சொல்வார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. அந்தச் சொனாட்டாவில் ஒவ்வொரு குரலுக்கும் அடியில் இன்னொரு குரல் இருக்கிறது; அவசரப்பட்டால் மேற்பரப்பு மட்டுமே மிஞ்சும். பக்கம் முழுக்கக் கறுப்பாகச் சுரம் அடர்ந்த இடங்களிலும் டோசர் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் இன்னொன்றைத் தொடங்குவதில்லை. மெட்னரின் சொந்த வாசிப்பைக் கேட்டுவிட்டு டோசரைக் கேட்டால் ஒரே பாணியின் தொடர்ச்சி தெரியும்.

மாமாவின் தட்டுகள் ஈரத்தில் பூசணம் பிடித்து, சில உடைந்து, மிச்சம் இருப்பவை என்னிடம் இருக்கின்றன. அவற்றிலுள்ள பதிவுகள் குறுந்தட்டாக மறுபடி வந்துவிட்டதால் கேட்பதற்குத் தடையில்லை. சொனாட்டாக்களின் சுரப்புத்தகங்களை டோவர் பதிப்பகம் 1998இல் இரண்டு பாகமாக மலிவு விலையில் அச்சிட்டது. என் மேசையில் கிடக்கிற பிரதியில் பென்சில் குறிகள் அதிகமாகி எழுத்தே மங்கிவிட்டது. நான் பிறந்த தோட்டம் துண்டாடப்பட்டு, பின்பு செம்பனையாகி, இப்போது ஒரு பகுதி வீடமைப்புத் திட்டம். ம.இ.கா. தலைவர் சம்பந்தன் தோட்டத் தொழிலாளரிடம் பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் வாங்கிய தோட்டங்களில் எங்களுடையது இல்லை. லயத்துக் குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங்குக்கும் சிலிபினுக்கும் குடிவந்தன. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு என் மாணவர்களில் பாதிப் பேர். முன்னே கையில் வாளி கொடுக்கப்பட்ட தோழி ஒருத்தியின் பேத்தி சனிக்கிழமை காலைகளில் வருகிறாள். லண்டன் தேர்வின் எட்டாம் நிலை முடித்துவிட்டாள். “டீச்சர், தேர்வுக்கு இல்லாம ஏதாவது ஒண்ணு வாசிக்கணும்” என்று அவளாகவே கேட்டாள்.

நினைவுச் சொனாட்டாவைக் கொடுத்திருக்கிறேன். முதல் வாக்கியம் திரும்ப வரும் இடத்தில் அவள் இன்னும் காலத்தை இழுக்கிறாள். மெட்னரே வாசித்த சிறு துண்டுகளைக் கேட்டுவிட்டு வரச் சொன்னேன். அடுத்த வாரம் பாதி இழுவை குறைந்திருந்தது. இதை முடித்ததும் ஜி மைனரைத் தொடங்கப் போகிறோம்.